கலா: உருமிச் சத்தத்தில் ஒரு பங்க் அல்பம்

‘கலா’ 2007 ஓகஸ்டில் வெளிவந்த ஆங்கில அல்பம். பன்னிரண்டு பாட்டு, முக்கால் மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட ஓடும். பாடியவர் மாதங்கி அருட்பிரகாசம்; வீட்டில் மாயா, மேடையில் எம்.ஐ.ஏ. அல்பத்தின் பெயர் அவருடைய தாயின் பெயர். இசைக் கடைகள் இதை நடன இசையோடும் ஹிப்ஹொப்போடும் சேர்த்து அடுக்கின. அது தப்பில்லை, தாளப் பெட்டியும் சொல்லடுக்கும்தான் முதலில் காதில் விழும். ஆனாலும் இது செய்யப்பட்ட முறையையும், இதற்குள் இருக்கும் கோபத்தையும், இது யாரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டது என்பதையும் பார்த்தால், தமிழ்ப் பிள்ளை ஒருவர் செய்த பங்க் அல்பம் என்றுதான் இதைச் சொல்லவேண்டும்.

பங்க் என்பது 1976 அளவில் நியூயோர்க்கிலும் லண்டனிலும் எழுந்த றொக் இசை. அதற்கு முந்திய சில ஆண்டுகளில் றொக் பெரிய மைதானங்களுக்குப் போய்விட்டது. ஒரே பாட்டில் பத்து நிமிடம் கிற்றார் வாசித்து வித்தை காட்டுவது பெருமையாக இருந்தது. நியூயோர்க்கின் றமோன்ஸ் குழு 1976 ஏப்ரலில் வெளியிட்ட முதல் அல்பத்தில் பதினான்கு பாட்டும் சேர்ந்து அரை மணித்தியாலம் வராது. லண்டனில் செக்ஸ் பிஸ்டல்ஸ், த கிளாஷ், எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் என்று குழுக்கள் கிளம்பின. கிற்றாரில் மூன்று கோர்ட் பிடிக்கத் தெரிந்தால் போதும், குழு தொடங்கலாம் என்பது அவர்களின் நம்பிக்கை. கம்பனி கூப்பிடும்வரை காத்திராமல் தாங்களே பாட்டைப் பதிந்தார்கள். பத்திரிகை எழுதும்வரை காத்திராமல் போட்டோக்கொப்பி எடுத்துக் கட்டிய சிற்றேடுகளில் தாங்களே எழுதினார்கள். கிழிந்த உடுப்பில் ஊக்குக் குத்தி அதையே அலங்காரம் ஆக்கினார்கள். கையில் இருப்பதை வைத்து இன்றைக்கே செய் என்பதுதான் பங்கின் முதல் விதி. இரண்டாவது விதி ஒன்று இருந்ததாகத் தெரியவில்லை.

மட்டக்களப்பாருக்கு இதை விளங்கிக்கொள்ள ஒரு கிட்டிய வழி உண்டு. வாவியின் இரு கரையிலும் கூத்தாடுகிறவர்கள் தொழில்முறைக் கலைஞர்கள் அல்லர். வேளாண்மை செய்கிறவர்கள், தோணியில் போகிறவர்கள். களரி போடுவதும் ஊர், ஆடுவதும் ஊர், விடிய விடியப் பார்த்திருப்பதும் ஊர். பங்க் நிகழ்ச்சிகளிலும் மேடைக்கும் சனத்துக்கும் இடையில் அதே போலத் தூரம் குறைவு. ஒப்புமை அவ்வளவோடு நிற்கும். கூத்து அண்ணாவியாரிடம் சட்டம் வாங்கி, மாதக்கணக்கில் பழகி, சதங்கை அணிந்து அரங்கேறுகிற கலை. பங்க் பழகும்வரை பொறுத்திருக்காது.

பங்க் குழுக்களில் ‘கலா’வுக்கு மிக நெருங்கிய உறவு த கிளாஷ். ஜோ ஸ்ட்ரம்மர், மிக் ஜோன்ஸ், போல் சைமனன், டொப்பர் ஹெடன் என்ற நால்வர். கரீபியன் குடியேறிகள் லண்டனுக்குக் கொண்டுவந்த றெகே இசையைப் பங்கோடு துணிந்து கலந்தவர்கள். 1976இல் றொக் கிற்றார்க் கலைஞர் எரிக் கிளப்டன் பேர்மிங்ஹாம் மேடையில் குடியேறிகளுக்கு எதிராகப் பேசியபோது, அதற்கு மறுமொழியாக ‘இனவாதத்துக்கு எதிரான றொக்’ என்ற இயக்கம் பிறந்தது. 1978 ஏப்ரல் 30ஆம் திகதி அந்த இயக்கம் கிழக்கு லண்டன் விக்டோரியா பூங்காவில் நடத்திய பெருங்கூட்டத்தில் கிளாஷும் எக்ஸ்-ரே ஸ்பெக்ஸும் ஸ்டீல் பல்ஸும் வாசித்தன. மறு ஆண்டு மேற்கு லண்டன் சவுத்தோலில் ஆசியர்கள் நிறைந்த தெருக்களில் இனவாதக் கட்சியின் கூட்டத்தை எதிர்த்து நடந்த போராட்டத்தில் பிளேர் பீச் என்ற ஆசிரியர் கொல்லப்பட்டார். நிறத்தைப் பார்த்து அடி விழுந்த காலம் அது. பங்க் குழுக்கள் எல்லாமே நல்ல பக்கம் நின்றன என்று சொல்லமுடியாது. கிளாஷ் நின்றது.

1982இல் வந்த ‘கொம்பாட் றொக்’ அல்பத்தில் ‘ஸ்ட்ரெயிட் டு ஹெல்’ என்ற பாட்டு இருக்கிறது. கிளாஷின் பாட்டுகளில் இது கத்தாத பாட்டு. தாளம் மெதுவாகத் தள்ளாடிப் போகும். கிற்றார் தூரத்தில் அழுவதுபோல் திரும்பத் திரும்ப ஒரே சுரத்தொடரை வாசிக்கும். ஆலைகள் மூடப்பட்ட இங்கிலாந்தில் மொழி தெரியாமல் நிற்கும் குடியேறி, வியட்னாமில் அமெரிக்கப் படையாளுக்குப் பிறந்து தகப்பனைத் தேடும் பிள்ளை, நியூயோர்க்கின் ஏழைத் தெருவில் கிடக்கும் வந்தேறி என்று காட்சி மாறிக்கொண்டே போகும். எல்லோருக்கும் கிடைக்கும் பதில் ஒன்று: இங்கே உனக்கு இடமில்லை. இந்தப் பாட்டை நினைவில் வைத்திருக்கவேண்டும். ‘கலா’வின் நடுமரம் இதுதான்.

மாதங்கி 1975 ஜூலை 18ஆம் திகதி லண்டன் ஹவுன்ஸ்லோவில் பிறந்தார். ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரப்பட்டார். தந்தை அருளர், 1975இல் லண்டனில் தொடங்கப்பட்ட ஈரோஸ் என்ற ஈழ விடுதலை இயக்கத்தை நிறுவியவர்களில் ஒருவர். மட்டக்களப்பில் ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு அந்த இயக்கத்தின் பெயரை எடுத்துச் சொல்லத் தேவையில்லை. வீட்டில் தகப்பன் இருந்த நாட்கள் குறைவு. குடும்பம் சென்னைக்குப் போய், யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி, 1986இல் அகதிகளாக லண்டன் போய்ச் சேர்ந்தது. தெற்கு லண்டனின் மிச்சம் என்ற பகுதியில் பிப்ஸ் பிரிட்ஜ் என்ற அரச தொடர்குடியிருப்பில் தாய் கலா தையல் வேலை செய்து மூன்று பிள்ளைகளையும் வளர்த்தார். மாயா அங்கேதான் ஆங்கிலம் பழகினார். பிறகு சென்ட்ரல் செயின்ற் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் திரைப்படமும் காணொளியும் படித்து 2000இல் வெளியேறினார்.

மேடைப்பெயரான எம்.ஐ.ஏ., போரில் காணாமற்போனவர்களைக் குறிக்கும் ஆங்கில இராணுவச் சொற்றொடரின் முதலெழுத்துகள். 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலைப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து கொண்டுபோகப்பட்ட 158 பேர் திரும்பி வராத மாவட்டத்தில், அந்த மூன்று எழுத்தையும் மேடைப் பகட்டு என்று எவரும் எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

அவரைப் பாட்டுக்குள் இழுத்து வந்தது ஒரு பங்க் வழிவந்த குழு. இலாஸ்டிக்கா 1970களின் பங்க் குழுக்களைக் கேட்டு வளர்ந்தவர்களின் குழு. அதன் தலைவி ஜஸ்டின் பிரிஷ்மன். 2000இல் வந்த ‘த மெனஸ்’ அல்பத்தின் அட்டையை மாயாவிடம் செய்வித்த அவர், குழுவின் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தைப் படம்பிடிக்கவும் கூட்டிப்போனார். அந்தப் பயணத்தில் பீச்சஸ் என்ற கனடியப் பாடகி றோலண்ட் எம்சி-505 என்ற சிறு தாளப் பெட்டியை மாயாவுக்குக் காட்டினார். வாத்தியம் எதுவும் வாசிக்கத் தெரியாத ஒரு படக்கலைஞர், இரவல் பெட்டியில் தானாகத் தட்டிப் பழகிப் பாட்டுக் கட்டத் தொடங்கினார். மூன்று கோர்ட்டின் இடத்தை ஒரு பெட்டி பிடித்துக்கொண்டது, மற்றெல்லாம் 1976தான்.

முதல் பாட்டு ‘கலாங்’ 2003இல் ஐந்நூறு இசைத்தட்டு மட்டும் அச்சிட்டு வெளியிடப்பட்டது. 2005 மார்ச்சில் எக்ஸ்எல் நிறுவனம் ‘அருளர்’ அல்பத்தை வெளியிட்டது. தந்தையின் பெயரைச் சூட்டிய அந்த அல்பம் அந்த ஆண்டு பிரித்தானியாவின் மேர்க்குரி பரிசுக் குறும்பட்டியலில் இடம்பிடித்தது. ‘அருளர்’ நல்ல அல்பம், ஆனால் ஒடுங்கியது. ஒரு அறைக்குள் ஒரு பெட்டியோடு செய்தது என்பது கேட்கும்போதே தெரியும். ‘கலா’ அறையை விட்டு வெளியே வந்தது.

வெளியே வந்ததற்குக் காரணம் ஒரு கதவு மூடியது. அமெரிக்காவில் டிம்பலண்ட் என்ற பெயர்பெற்ற தயாரிப்பாளரோடு சேர்ந்து இரண்டாவது அல்பத்தைச் செய்வதுதான் திட்டம். 2006இல் அமெரிக்க வீசா கிடைக்கவில்லை. அதனால் அவர் ஒலிப்பதிவுக் கருவிகளோடு இந்தியா, திரினிடாட், ஜமேக்கா, லைபீரியா, அவுஸ்திரேலியா, ஜப்பான் என்று போன இடமெல்லாம் பதிந்தார். பெரும்பாலான பாட்டுகளில் கூட இருந்து உழைத்தவர் ஸ்விட்ச் என்ற ஆங்கிலேயத் தயாரிப்பாளர். சென்னையில் ஏ. ஆர். ரஹ்மானின் ஒலிப்பதிவுக் கூடத்தில் உருமி மேளக்காரர்களை அழைத்துப் பதிந்ததுதான் ‘கலா’வின் முகத்தை மாற்றியது.

உருமி இடை சிறுத்த இருமுகத் தோற்கருவி. ஒரு முகத்தில் அடி விழும். மறு முகத்தில் வளைந்த குச்சியைத் தேய்க்க உறுமல் எழும். அம்மன் சடங்கில் உடுக்கைக் கேட்டு வளர்ந்த மட்டக்களப்புக் காதுக்கு இது அந்நியமில்லை; உடுக்கின் பெரிய தமக்கை என்று வைத்துக்கொள்ளலாம். ‘போய்ஸ்’ பாட்டில் இந்த மேளம் தாளம் பிடிக்க வரவில்லை, பாட்டையே அது நடத்துகிறது. குரல் அதன் மேல் ஏறிக் குதித்து ஓடுகிறது. ‘பேர்ட் புளூ’ இன்னும் முரடு. கோழிகள் கொக்கரிக்கும், பிள்ளைகள் கூச்சலிடும், மேளம் ஒரு கணமும் மூச்சு விடாது. ‘ஜெயம்’ திரைப்படத்துக்கு ஆர். பி. பட்நாயக் அமைத்த திருவிழாப் பாட்டின் துண்டு ஒன்று நடுவில் சுழலும். வானொலிக்கு உகந்த மெட்டு இதில் இல்லை. மேற்கத்தைய பங்க் குழு கிற்றாரின் ஒலியை உச்சத்துக்குக் கூட்டிச் செய்ததை இந்தப் பாட்டு தோலையும் கோழியையும் வைத்துச் செய்கிறது. அல்பத்தின் இரண்டாவது பாட்டாக, கேட்பவர் இன்னும் கதிரையில் வசதியாக அமர முன்னரே இதை வைத்த துணிச்சலுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

முதற்பாட்டான ‘பம்பூ பங்கா’ ஒரு பங்க் மூதாதையரின் சொற்களோடு தொடங்குகிறது. பொஸ்டன் நகரின் மொடர்ன் லவர்ஸ் குழுவுக்காக ஜொனதன் றிச்மன் எழுதிய ‘றோட்றன்னர்’ இரவில் கார் ஓட்டிப் போகும் இளைஞனின் ஆனந்தப் பாட்டு. பங்க் குழுக்கள் பல அதைத் தங்கள் பாடப்புத்தகமாகக் கொண்டன. மாயா அந்தக் காரின் யன்னலுக்கு வெளியே நிற்கிறார். நெடுஞ்சாலையில் போகிறவரின் பாட்டு, பெரிய வாகனத்தின் கதவைத் தட்டும் ஏழை நாட்டுப் பிள்ளையின் பாட்டாகிவிடுகிறது. அடியில் ஓடுவது இளையராஜா. 1991இல் வந்த ‘தளபதி’யின் ‘காட்டுக்குயிலு’. பொங்கல் காலத்தில் இலங்கை முழுக்கத் தமிழ் ஒலிபெருக்கிகளில் ஒலிக்கும் அந்தப் பாட்டும் அமெரிக்கப் பங்கின் மூத்த பாட்டும் ஒரே சுழற்சியில் போகும்போது இரண்டில் எது இரவல், எது சொந்தம் என்ற கேள்வியே அற்றுப்போகிறது.

மற்றப் பாட்டுகள் எல்லாம் ஒரே தரமில்லை. ‘ஜிம்மி’ 1982இல் வந்த ‘டிஸ்கோ டான்சர்’ ஹிந்திப் படத்துக்கு பப்பி லஹிரி அமைத்த பாட்டின் மறுபதிவு, இனிமையானது, அவ்வளவுதான். ‘20 டொலர்’ லைபீரியாவில் துப்பாக்கி எவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது என்பதைப் பற்றியது. பிக்சீஸ் என்ற அமெரிக்க மாற்று றொக் குழுவின் வரிகள் அதில் வேறு அர்த்தத்தில் வந்து விழுகின்றன. கடைசிப் பாட்டில் டிம்பலண்ட் வந்து சேர்கிறார். முதலில் திட்டமிட்ட அல்பம் எப்படி இருந்திருக்கும் என்பதற்கு அது சாட்சி, வீசா கிடைக்காமற்போனது நல்லது என்று நினைக்கவும் வைக்கிறது. ஆறாவது பாட்டு அவுஸ்திரேலிய உள்நாட்டில் டார்லிங் ஆற்றங்கரையிலுள்ள வில்கானியா ஊரின் பூர்வகுடிச் சிறுவர்களுடையது. மீன் பிடிப்பதையும் பாலத்திலிருந்து ஆற்றில் குதிப்பதையும் அவர்கள் பாடுகிறார்கள். கல்லடிப் பாலத்தடியில் வளர்ந்தவருக்கு அதில் ஒரு சொல் விளங்காவிட்டாலும் பாட்டு விளங்கும்.

பதினோராவது பாட்டு ‘பேப்பர் பிளேன்ஸ்’. டிப்ளோ என்ற அமெரிக்கத் தயாரிப்பாளரோடு செய்தது. ‘ஸ்ட்ரெயிட் டு ஹெல்’ பாட்டின் தொடக்கக் கிற்றார்த் துண்டை வெட்டி எடுத்து, சுழல விட்டு, அதன் மேல் மாயா மெல்லிய, சோம்பலான குரலில் பாடுகிறார். போலி வீசா செய்து விற்கும் ஒருத்தியின் குரல் அது. பல்லவியில் லண்டன் பிரிக்ஸ்டன் பகுதிச் சிறுவர்கள் சேர்ந்து பாட, சொற்களின் இடத்தில் துப்பாக்கிச் சூட்டுச் சத்தமும் கடைக் காசுப்பெட்டி திறக்கும் சத்தமும் வருகின்றன. குடியேறி என்றால் உங்கள் காசைப் பறிக்க வந்தவர் என்ற பயத்தை அப்படியே சத்தமாக்கிக் காட்டும் பாட்டு. அமெரிக்கத் தொலைக்காட்சியில் அந்தத் துப்பாக்கிச் சத்தத்தை எடுத்துவிட்டு ஒலிபரப்பினார்கள். எடுத்தபின் பாட்டில் பாதி அர்த்தம் போய்விடுகிறது.

இசைத்துண்டு எடுத்தாள்வது ஹிப்ஹொப்பில் அன்றாடம் நடப்பது. இந்த எடுத்தாள்கை வேறு வகை. கிளாஷ் 1982இல் பாடியது கதவடைக்கப்பட்ட பிள்ளையைப் பற்றி, அதுவும் வெளியே நின்று பார்த்து. நான்கு ஆண்டு கழித்து அப்படியொரு பிள்ளை உண்மையாகவே லண்டனில் வந்திறங்கியது. இருபது ஆண்டு கழித்து, வளர்ந்த பிறகும் வீசா மறுக்கப்பட்ட அந்தப் பிள்ளை, தன்னைப் பற்றி மற்றவர்கள் பாடிய பாட்டைத் திரும்ப எடுத்துத் தன் வாயால் பாடியது. பங்கின் முப்பது ஆண்டு வரலாற்றில் இதைவிடப் பொருத்தமான வாரிசுரிமை காண்பது கடினம்.

‘கலா’ வந்த காலம் மட்டக்களப்புக்கு எப்படிப்பட்ட காலம் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். 2007 ஜனவரியில் வாகரை படையினரிடம் வீழ்ந்தது. மார்ச்சில் படுவான்கரைச் சனம் செல் வீச்சுக்குள் வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு ஓடியது. மாவட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாடசாலைகளிலும் கொட்டில்களிலும் கிடந்தார்கள். ஜூலை 11ஆம் திகதி குடும்பிமலை கைப்பற்றப்பட்டதாக அரசாங்கம் அறிவித்தது. அடுத்த மாதம் ‘கலா’ வந்தது. மட்டக்களப்பின் பெயர் அதில் இல்லை. முதற்பாட்டில் ஏழை நாடுகளின் வரிசையில் இலங்கை ஒருமுறை வந்து போகிறது. ஆனாலும் ஊரிழந்து ஓடுவதன் படபடப்பு அந்தத் தாளங்களில் இருக்கிறது. அதை வெளிநாட்டு விமர்சகர் நடனத் துள்ளல் என்று கேட்டிருக்கலாம். அந்த மார்ச் மாதத்தை அறிந்தவர்களுக்கு அது வேறாகக் கேட்கும்.

அல்பத்துக்கு வரவேற்பு பெரிது. றோலிங் ஸ்டோன் சஞ்சிகை 2007ஆம் ஆண்டின் சிறந்த அல்பமாக இதைத் தேர்ந்தது. அமெரிக்க பில்போர்ட் பட்டியலில் அல்பம் 18ஆம் இடம்வரை போனது. ‘பேப்பர் பிளேன்ஸ்’ 2008 செப்டெம்பரில் தனிப்பாட்டுப் பட்டியலில் நான்காம் இடத்துக்கு ஏறியது. ‘ஸ்லம்டோக் மில்லியனர்’ படத்திலும் ஒலித்தது. 2009 பெப்ரவரி கிராமி விழாவில் மாயா நிறைமாத வயிற்றோடு மேடையேறிப் பாடினார். அதே வாரங்களில் வன்னியில் சனம் செல்லடிக்குள் அகப்பட்டிருந்தது. கிடைத்த ஒவ்வொரு ஒலிவாங்கியிலும் அவர் அதைப் பேசினார்.

குற்றச்சாட்டுகளும் வந்தன. முதல் அல்பத்தின் அட்டையிலும் காணொளிகளிலும் இருந்த புலி உருவங்களைக் காட்டி, அவர் வன்முறையைப் போற்றுகிறார் என்றார்கள். தான் எந்த இயக்கத்தின் ஆதரவாளரும் இல்லை என்று அவர் மறுத்தார். ஏழ்மையை அலங்காரமாக்கி விற்கிறார் என்ற குற்றச்சாட்டும் உண்டு. இரண்டாவதை முற்றாகத் தள்ளிவிட முடியாது. பளிச்சிடும் வண்ணங்கள் நிறைந்த அட்டையும், நாட்டுக்கு நாடு தாவும் வேகமும் சில இடங்களில் மனிதரைச் சத்தமாக மட்டும் சுருக்கிவிடுகின்றன. முதலாவது குற்றச்சாட்டு அல்பத்தைக் கேட்காதவர்கள் சொல்வது.

இலங்கைத் தமிழர் கிற்றாரோடு பாடியது இது முதல்முறை இல்லை. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோரின் பொப் பாட்டுகள் 1970களில் பைலாத் தாளத்தில் தீவெங்கும் ஒலித்தன. அவை கலியாண வீட்டுக்கும் களியாட்டத்துக்குமான பாட்டுகள், எவரையும் முறைத்துப் பார்த்ததில்லை. இசையால் முறைத்துப் பார்ப்பது தமிழில் பிறகு வேறு இடத்தில் தழைத்தது. 2018 ஜனவரி 6ஆம் திகதி சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சி நடத்திய ‘த காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு, பறையையும் கானாவையும் கிற்றாரையும் ராப்பையும் சேர்த்துச் சாதிக்கு எதிராகப் பாடியது. அது ‘கலா’வின் பிள்ளை இல்லை, அதன் வேர் சாதி எதிர்ப்புச் சிந்தனையாளர் அயோத்திதாசரிடமும் வடசென்னைத் தெருக்களிலும் இருக்கிறது. தாழ்வாகப் பார்க்கப்பட்ட தோற்கருவியை றொக் மேடையின் நடுவில் நிறுத்துவது என்ற ஒரு விடயத்தில் இரண்டும் ஒன்று. மட்டக்களப்பில் பறையும் சொர்ணாளிக் குழலும் சடங்குக்கும் சாவீட்டுக்கும் வெளியே அப்படியொரு மேடைக்கு ஏறும் நாளை எதிர்பார்க்க இந்த இரண்டும் காரணம் தருகின்றன.

மாயா பங்கை விட்டு விலகவும் இல்லை. 2010இல் வந்த ‘போர்ன் ஃப்ரீ’ பாட்டு, நியூயோர்க்கின் சூசைட் என்ற இருவர் குழு 1977இல் வெளியிட்ட ‘கோஸ்ட் றைடர்’ மேல் கட்டப்பட்டது. அதற்குப் பிறகு வந்த அல்பங்களில் நல்ல பாட்டுகள் உண்டு. ‘கலா’வின் முழுமை அவற்றில் இல்லை.

ஜோ ஸ்ட்ரம்மர் 2002 டிசம்பரில் இறந்துவிட்டார். ‘பேப்பர் பிளேன்ஸ்’ அவர் காதில் விழவில்லை. அந்தப் பாட்டை ஆக்கியோர் என்று ஆறு பேரின் பெயர் அச்சாகியிருக்கிறது: டிப்ளோவின் இயற்பெயர் ஒன்று, ஸ்ட்ரம்மர், ஜோன்ஸ், சைமனன், ஹெடன் என்ற நான்கு, மற்றது அருட்பிரகாசம்.